இடது காலுக்கு ஒரு தகடு

அவர் யாரையும் குற்றம் சொல்லமாட்டார். எங்கள் காலனியில் இன்றைக்கும் அதைப் பெரிய குணமாகப் பேசுகிறார்கள். நான் பேசமாட்டேன். அது ஒரு கெட்ட பழக்கம். புகையிலை மாதிரி அவரால் விட முடியாமல் போன பழக்கம். என் காரில் ஒரே சாமான் மூன்று தடவை போனது. யாரால் போனது என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் சொல்லாததால், நான் அவரை நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன்.

ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவர். இயந்திரங்களை ஓடவிட்டுச் சோதிக்கிற பகுதியில் வேலை. அதற்கு மீட்டர் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. இருந்தாலும் கடைசியில் இவரைக் கூப்பிடுவார்களாம். கை நீளத்துக்கு ஒரு எஃகுக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனையை இயந்திரத்தின் மேல் வைப்பார். மறு முனையில் மரப்பிடி. அதைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். பார்த்தால் ஆள் தூங்குகிறார் என்றே தோன்றும். கண்ணைத் திறந்ததும், "பின்னாடி பேரிங்" என்பார். கழற்றிப் பார்த்தால் பின்னாடி பேரிங்தான்.

யார் அதைக் கெடுத்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம் தம்பி. யாராலன்னு நக்கோ" என்பார்.

நக்கோ என்றால் வேண்டாம். அவர் பிறந்ததே செகந்திராபாத் ரயில்வே காலனியில். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு. நான் வேலைக்காக மதுரையிலிருந்து வந்தவன். பக்கத்துப் பக்கத்து வீடு. அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தப்புச் செய்தவனிடம் அவன் முகத்துக்கு நேரே, ஷிஃப்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். மனசில் ஒன்று வாயில் ஒன்று கிடையாத ஆள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அவர் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் காலையும் மாலையும் இரும்பு நாற்காலிகளைத் தரையில் இழுப்பார்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் எப்படித்தான் கீழே இருந்தாரோ. நான் போய் ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "கைக்கு தம்பி? பண்டிகை வருதுல்ல, இரு" என்றார். தீபாவளியன்று மதினி சுட்ட முறுக்கைத் தட்டில் எடுத்துக்கொண்டு மேலே போனார். சட்டைப்பையில் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய பதினாறு துண்டுகள். பேசிக்கொண்டே, நாற்காலி ஆடுகிறதே என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கால்களுக்கு ரப்பரை மாட்டிவிட்டு வந்துவிட்டார். அவர்கள் காபி கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார்களாம். ஒன்றரை வருஷமாக ஒரு மனிதனின் மண்டைக்குள் நாற்காலி இழுத்தோம் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மதினி குழாயை மூட மறப்பார். அதைச் சொல்லாமல், ரயிலில் இருக்குமே, கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்கிற குழாய், அதை எங்கேயோ தேடிப் பிடித்து மாட்டினார். மதினி என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார்.

"ஒரு வாளி ரொப்பறதுக்குள்ள கை கழண்டுடுது. குழாய மூடுடின்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன செத்தா போயிடுவேன்?"

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு, சுற்றுகிற பாகத்தின் மேல் மூடவேண்டிய இரும்புக் கூண்டை மூட மறந்துபோகுமாம். இவர் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் தானே போய் மூடுவார். வருஷக்கணக்கில் மூடினார். ஒருநாள் இவர் லீவு. அன்றைக்கு அந்த மனிதருக்கு இரண்டு விரல் போனது. அதற்குப் பிறகாவது வாயைத் திறந்தாரா என்றால் இல்லை. கூண்டு மூடியிருந்தால்தான் மோட்டார் ஓடும் என்கிற மாதிரி ஒரு சுவிட்சு வைத்தாராம். அவரே எனக்குச் சொன்னது இது.

"மொதல்லயே சொல்லியிருந்தா அவருக்கு மனசு ஒடஞ்சிருக்கும் தம்பி."

"மனசு ஒடஞ்சா ஒட்டிக்கும்ணே. விரல் ஒட்டுமா?" என்றேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நான் சொன்னது சரி. இப்போதும் அது சரிதான்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். திருமுல்கேரியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் வாங்கிய அம்பாசடர். என்னைவிட இரண்டு வயது மூத்தது. எதற்கு வாங்கினாய் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள், எனக்கும் பதில் தெரியாது. வாங்கப் போனபோது அவரும் வந்தார். எஞ்சின் மேல் கம்பியை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வாங்கினேன். தினமும் அதில்தான் பட்டான்செரு போய்வந்தேன்.

அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் போகிற ஷேர் ஆட்டோ எந்த இடத்தில் எவனைப் பார்த்து நிற்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் லாரி. அதனால் என் இடது கால் எப்போதும் கிளட்ச்சின் மேலேயே தயாராக இருக்கும். அழுத்தமாட்டேன். சும்மா வைத்திருப்பேன். சும்மா என்றுதான் நினைத்தேன்.

பழைய அம்பாசடரில் கிளட்ச்சை மிதித்தால் ஒரு கறுப்பு வளையம் போய்ச் சுற்றுகிற தகட்டை அழுத்தும். கரியில் செய்த வளையம். ரிலீஸ் பேரிங் என்பார்கள். காலை எடுத்தால் விலகிவிடும். கால் அங்கேயே கிடந்தால் உரசிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் வரவேண்டிய பேரிங் மாதக்கணக்கில் தேய்ந்துவிடும். கரி தீர்ந்தால் இரும்பும் இரும்பும் உரசும். அப்போது வருகிற சத்தத்தைக் கேட்டால் பல் கூசும்.

முதல் தடவை சத்தம் வந்தபோது அவர் என்னைப் பெடலை மிதித்து மிதித்து விடச் சொன்னார். மிதித்தால் சத்தம், விட்டால் இல்லை. "ரிலீஸ் பேரிங்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் அவர் வீட்டுக் கொட்டகையில் காருக்கு அடியில் கிடந்தோம். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். சாயங்காலம் தேய்ந்த வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அதைத் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஆறு மாதத்தில் மறுபடி சத்தம். இந்தத் தடவை வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் தலையைக் குனிந்து என் கால் பக்கம் பார்த்தார். என்னண்ணே தேடுறீங்க என்றேன். பேனா விழுந்துவிட்டது என்றார். அவர் சட்டையில் பேனாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. திரும்பும்போது அவரே ஓட்டினார். சத்தம் பாதிதான் இருந்தது. "நீங்க ஓட்டினா கத்த மாட்டேங்குதே, என்னண்ணே மாயம்?" என்றேன். "உன் வண்டிக்கு உன்கிட்டதான் தம்பி செல்லம்" என்றார்.

மறுபடி ஒரு ஞாயிறு, மறுபடி கியர்பாக்ஸ். வேலை முடிந்து நான் வண்டியில் ஏறினபோது கிளட்ச்சுக்கு இடது பக்கத்தில் புதிதாக ஒரு தகடு. உள்ளங்கை அகலம், சாய்வாக வளைத்தது, மேலே டயர் ரப்பர் ஒட்டியது. தரையில் இரண்டு துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்.

"காலுக்கு தம்பி. சும்மா இருக்கிறப்ப அதுல வெச்சுக்கோ. லாரிக்காரங்கல்லாம் வெச்சிருக்காங்க, வலி இருக்காது."

வலிக்கு என்றுதான் சொன்னார். பேரிங்குக்கு என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

இரண்டாவது நாளே என் செருப்பு அந்தத் தகட்டில் சிக்கி, ஒரு ஆட்டோவின் பின்னால் இடிக்கப் போனேன். வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரை எடுத்துக் கழற்றினேன். கொண்டுபோய் அவர் வாசலில் போட்டேன். "எனக்கென்ன வயசா ஆயிருச்சு, கால் நீட்டிக்கிட்டு ஓட்டுறதுக்கு?" என்று வேறு கேட்டேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், தரையில் இருந்த இரண்டு துளைகளையும் ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தார். மழைத்தண்ணீர் வந்துவிடுமாம்.

பழைய கார் வைத்திருக்கும் ஆறேழு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனி மைதானத்தில் கூடுவோம். அவருக்குக் கார் கிடையாது, ஸ்கூட்டர்தான். ஆனால் எல்லாரும் காத்திருப்பது அவருக்காக. கம்பியைப் பழைய வேட்டித்துணியில் சுற்றிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வண்டியாக நின்று கேட்பார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். சனிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிடுவார் என்று மதினி சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது தடவை சத்தம் வந்தது அந்த மைதானத்தில். எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வண்டியை உள்ளே திருப்புகிறேன், கிளட்ச் வீறிடுகிறது. "லோக்கல் ட்ரெயின் ஒச்சேசிந்தி" என்று ஒருவர் தெலுங்கில் சொல்ல, ரயில் வந்துவிட்டதாம் என்று மைதானமே சிரித்தது. என் வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. அவர் துணியைப் பிரித்துக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேணாம்ணே" என்றேன். "இது மூணாவது தடவை. உங்களுக்குக் காது போயிருச்சு. ஒத்துக்கிட்டு வீட்ல உக்காருங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுகூட அவர் சொல்லியிருக்கலாம். என் காலைக் காட்டி எல்லாருக்கும் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஹவ் தம்பி. இருக்கும்" என்றார்.

கம்பியை மறுபடி துணியில் சுற்றினார். அவசரமே இல்லாமல், எப்போதும் சுற்றுகிற மாதிரி. ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் பொறாமை என்று விட்டிருப்பார்கள். சொன்னவன் நான். பொய் பேசாத ஆள். அதனால் நம்பினார்கள். அடுத்த வாரம் ஒருவர் தன் வண்டியைக் காட்ட வேறு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அதற்கடுத்த வாரம் அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் வரவில்லை. கொஞ்ச நாளில், அவர் வீட்டு வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டியில், சாய்ந்த செடிக்கு முட்டுக்கொடுத்து அந்தக் கம்பி நின்றதைப் பார்த்தேன். மரப்பிடி மேலே இருந்தது. பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அதே வருஷம் மியாப்பூரில் மகன் வாங்கின ஃபிளாட்டுக்கு இருவரும் போய்விட்டார்கள். வண்டியில் சாமான் ஏற்றின அன்றைக்கு எனக்குப் பகல் ஷிஃப்டு. மாற்றிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

மூன்றாவது பேரிங்கைப் பட்டான்செருவில் ஒரு மெக்கானிக் மாற்றினான். அதுவும் தேய்ந்தது. அவனையும் திட்டினேன்.

போன வருஷம் என் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். நாங்கள் தமிழில் பேசினால் புரியும், பதில் தெலுங்கில் வரும். ஒருநாள் என்னோடு முன்சீட்டில் வந்துகொண்டிருந்தவள் கீழே பார்த்துவிட்டு, "அப்பா, ஆ காலு எந்துக்கு அக்கட?" என்றாள். அந்தக் கால் எதற்கு அங்கே இருக்கிறது என்று. சொல்லிக்கொடுக்கிற சார் பார்த்தால் திட்டுவாராம். கிளட்ச் மேல் சும்மா கால் வைத்தால் பேரிங் தேய்ந்து போகுமாம். முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடமாம்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மகள் என்ன என்ன என்று கேட்டாள். தரையில் இருந்த அந்த இரண்டு ரப்பர் மூடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனா ஞாபகம் வந்தது.

அதற்கப்புறமும் மியாப்பூர் போக எனக்கு நாலு மாதம் ஆனது. நாலாவது மாடி. லிஃப்ட் ஏறும்போது மேலே ஏதோ தேய்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. கதவு திறந்தே இருந்தது. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு தகடு செருகியிருந்தது. உள்ளங்கை அகலம், மேலே டயர் ரப்பர்.

மதினிதான் வாங்க என்றார், கொஞ்சம் நின்று. அவர் பால்கனிப் பக்கம் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். வா தம்பி என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சுக்கு எதையாவது சொல்லவேண்டுமே என்று, லிஃப்ட் சத்தம் போடுதேண்ணே, சொல்லக்கூடாதா என்றேன்.

"எனக்கு இப்ப காது சரியாக் கேக்கறதில்ல தம்பி" என்றார்.

மதினி சமையலறையிலிருந்து, டீக்குச் சர்க்கரை போடலாமா என்று மெல்லத்தான் கேட்டார். இவர் திரும்பாமலேயே, கம்மியா போடு என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அண்ணே, பேரிங் மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல. என் காலுதான். எல்லாத் தடவையும்" என்றேன்.

"என்ன தம்பி?"

இன்னும் உரக்கச் சொன்னேன்.

"கேக்கல தம்பி. விடு."

மூன்றாவது தடவை ஷிஃப்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். மதினி கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். எதிர் ஃபிளாட்டில் ஒரு கதவு திறந்தது. அவர் சிரித்துக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினார். குத்திக்காட்டவில்லை, அது அவருக்கு வராது. மைதானத்தில் நான் சொன்ன பொய்யை, அவர் பிடிவாதமாக உண்மையாக்கிக்கொண்டிருந்தார். நாற்காலிக் காலுக்கு மாட்டின மாதிரி என் வார்த்தைக்கும் ரப்பர் மாட்டிவிட்டார். இனிமேல் அதைக் கழற்ற என்னால் முடியாது.

டீயைக் குடித்தேன். மகன், மகள், மழை, எல்லாம் பேசினோம். அவருக்கு எல்லாம் கேட்டது. அதை மட்டும் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வண்டில சத்தம் இல்லியே?" என்றார்.

"இல்லண்ணே" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல்.

தலையாட்டினார்.

நான் குனிந்து அந்தத் தகட்டில் கை வைத்தேன். "இத நான் கொண்டுபோறேண்ணே. மறுபடி மாட்டிக்கிறேன்."

"அது இருக்கட்டும்" என்றார். "காத்துக்குக் கதவு அடிச்சுக்குது."

இத்தனை வருஷத்தில் எதையும் எனக்கு முடியாது என்று அவர் சொன்னதில்லை. அதில் தம்பி என்ற வார்த்தையும் இல்லை. நான் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் காலால் தகட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கதவு ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்டில் போகாமல் படியில் இறங்கினேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ கை காட்டாமல் நின்றது. என் இடது கால் தானாக மேலே எழுந்தது. பிடித்து இறக்கினேன். வீடு வரைக்கும் அதை இறக்கி இறக்கி வைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் குதிகாலுக்கு அடியில் அந்த இரண்டு ரப்பர் மூடிகளும் தட்டுப்பட்டன.